மாட்டாஸ்பத்திரி வரிசையில் ஒரு வெள்ளை நாய்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ரோட்டில் வந்தால் கோலியனூர் கூட்ரோடு. பண்ருட்டிப் பக்கம் போகிறவர்கள் அங்கே பிரிந்துவிடுவார்கள். நீங்கள் இறங்கி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் சரி, கொஞ்ச தூரத்தில் ஒரு கிரில் கேட்டுக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக ஒன்று பாய்ந்து வந்து குரைக்கும். கூடவே உள்ளேயிருந்து ஒரு குரலும் வரும்: "ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா வாங்க." இந்தக் குரலை நம்பிக் கெட்டவர்கள் எங்கள் ஊரில் நிறைய பேர். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இது மாட்டு ஊர். நெல், கரும்பு, உளுந்து, காலையும் மாலையும் பால் கறவை. விலங்கு வைத்தியம் என்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டோடு பழகி வந்தது. மாட்டாஸ்பத்திரிக்குக் காலையில் போனால் வயிறு உப்பிய கன்றுக்குட்டி, கழிச்சல் கண்ட ஆடு, சினை ஊசிக்குச் சொல்ல வந்தவர்கள் என்று வரிசை நிற்கும். நடுவில் ஒரு அக்கா துண்டில் சுற்றிய வெள்ளை நாயை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். எதற்கு இங்கே வந்தோம் என்று அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். டாக்டர் நல்லவர், பார்ப்பார். ஆனால் நோய் முற்றின பிறகுதான் அந்த நாய் அங்கே வந்திருக்கும். உடம்புக்கு வந்தால் மாட்டு வைத்தியம், மற்ற நேரத்தில் பிள்ளைக்குச் செய்கிற சீராட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் அது நாய் என்பதே விட்டுப்போகிறது. என் ஆதங்கம் அவ்வளவுதான்.

முதலில், பொமரேனியன் என்று சொல்லி நம் தெருவில் வளர்க்கிற வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை பொமரேனியனே இல்லை. அசல் பொமரேனியன் இரண்டு, மூன்று கிலோ தேறினால் அதிகம். பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா பகுதியின் பெயரைச் சுமக்கிற இனம் அது. முன்பு பெரிய உடம்போடுதான் இருந்தது. 1888-ல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் மார்கோ என்றொரு நாயை வாங்கி வந்த பிறகுதான் சின்ன உடம்புக்கு மவுசு கூடியது. நம்மிடம் இருப்பது இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழியில் இங்கேயே பெருகி, இந்த வெயிலுக்கும் சோற்றுக்கும் பழகிய நாய். சென்னையில் தலைமையிடம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இதைத் தனி இனமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. சின்ன வகை 5 முதல் 7 கிலோ, பெரிய வகை 12 முதல் 20 கிலோ. வெளிநாட்டு நாய் இறக்குமதி பெரும்பாடாக இருந்த எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கிடைத்த 'ஜாதி நாய்' இதுதான். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபி என்று ஓடித் திரிந்ததும் இந்த இனமே.

பிறகு 2003-ல் பக் நாயோடு ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்தது, ஊரெல்லாம் பக் கேட்டது. இப்போது ஷிட்சூ கேட்கிறார்கள். சப்பை மூக்கு நாய்களை எங்கள் மே மாதத்தில் வளர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. நாய் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்வது மூச்சிரைத்துத்தான். அந்த மூச்சுக்கே வழி குறுகிப் பிறந்த உயிரை அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டினால் என்ன ஆகும்? கூர்மூக்கு ஸ்பிட்ஸ் எவ்வளவோ தேவலை.

அந்த ஸ்பிட்ஸை இங்கே கொல்வது உண்ணி.

எங்கள் வீட்டு ஜிம்மியை வாரம் ஒரு தடவையாவது மடியில் மல்லாத்திப் போட்டு உண்ணி பார்ப்போம். முதுகில் தடவிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்று எழுந்துவிடக் கூடாது. காது மடலுக்குள், கழுத்து பெல்ட்டுக்கு அடியில், அக்குளில், வாலடியில், அப்புறம் கால்விரல்களுக்கு நடுவில். விரலிடுக்கை விரித்துப் பார்த்தால், ரத்தம் குடித்துப் பருத்துச் சாம்பல் நிறத்தில் கொட்டமுத்து மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே எள்ளளவுக்குப் பழுப்பு நிறத்தில் அதன் ஆண். அதை நசுக்கவும் கூடாது, மண்ணெண்ணெய் ஊற்றவும் கூடாது. புருவம் பிடுங்குகிற இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும்.

நாய்மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான். வயிறு நிறைந்த பெண் உண்ணி இறங்கிப் போய் சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். பொரிந்த குஞ்சு நாய்மேல் ஏறும், குடிக்கும், இறங்கும், தோலுரிக்கும், திரும்ப ஏறும். வளர்ந்த உண்ணி சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் சுவருக்குள் காத்திருக்கும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் புண்ணியமில்லை. படுக்கிற சாக்கை வெயிலில் போட்டு, விரிசலை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

இங்கேதான் மாட்டுப் புத்தி குறுக்கே வருகிறது. தொழுவத்துக்கு வாங்கின உண்ணி மருந்து பாட்டில் பரணில் இருக்கும். மாட்டுக்கு எத்தனை மூடி என்று தெரியும். அதையே 'கொஞ்சமா' கலந்து நாய்க்கும் தடவிவிடுவார்கள். நானூறு கிலோ மாட்டின் 'கொஞ்சம்' ஆறு கிலோ நாய்க்கு என்ன கணக்கு? போதாததற்கு அது உடம்பை நக்கும். எச்சில் ஒழுகி, கால் தள்ளாடி, மயங்கி விழும். இப்போது மாதம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மெல்லுகிற மாத்திரைகள் வந்துவிட்டன. எடையைப் பார்த்து டாக்டர் எழுதித் தருவார். ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலில் எங்கள் பக்கம் இரண்டு முக்கியம். எர்லிக்கியா வந்தால் ரத்தத் தட்டணுக்கள் சரியும். மூக்கில் ரத்தம் வரும், அடிவயிற்றில் சிவப்புப் புள்ளி தெரியும். பெபீசியா சிவப்பணுக்களையே உடைக்கும், மூத்திரம் டிகாக்ஷன் நிறத்தில் போகும். ஆனால் இதெல்லாம் தெரிவதற்கு முன்னால், நாய் வழக்கமான இடத்தில் படுக்காமல் மூலையில் போய்ப் படுக்கும், தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும். அப்போதே மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். காகிதம் மாதிரி வெளுப்பாக இருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். நாலாம் நாளே நாய் துள்ளும், உடனே நம் ஆட்கள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். பெபீசியாவுக்கோ வேறு மருந்து வேண்டும். அதனால்தான் 'போன தடவை எழுதிக் கொடுத்த சீட்டு' வேலைக்கு ஆகாது.

அவசரத்துக்கு வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்கிற பழக்கமும் உண்டு. அறுபது கிலோ ஆளுக்கான 650 மில்லிகிராம் பாராசிட்டமாலை ஆறு கிலோ நாய்க்குக் கொடுப்பது, நீங்கள் ஒரே மடக்கில் பத்து மாத்திரை விழுங்குவதற்குச் சமம். ஈரல் தாங்காது. வலி மாத்திரை இன்னும் மோசம்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று வந்துவிட்டால் எங்களுக்கு இரண்டு திசை. புதுச்சேரி குரும்பபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரயிலேறிப் போகிறவர்களுக்குச் சென்னை வேப்பேரி, 1903-ல் தொடங்கிய கல்லூரி. கோலியனூர்க்காரர்களுக்குப் புதுச்சேரிதான் பக்கம், ஒரே ரோடு. மாநிலம் தாண்ட வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். மாத்திரை சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் மட்டும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் சேர்ந்துகொள்கிறது. 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தில் எங்கே பார்த்தாலும் தண்ணீர். வயலெலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில் நடந்து, அதையே குடித்த நாய்க்குக் கண் மஞ்சளிக்கும், சிறுநீரகம் கெடும், நமக்கும் தொற்றும். வருஷா வருஷம் போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் இதுவும் சேர்ந்ததா என்று கேட்டுப் போடுங்கள். எல்லா ஊசியிலும் இருக்காது.

வெயில் வந்தால் மொட்டை அடிக்கிற கூத்து தொடங்கும். "பாவம், எவ்ளோ முடி, புழுங்கும்ல." ஸ்பிட்ஸுக்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளே பஞ்சு, வெளியே நீள முடி. வெளி முடி வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. மொட்டையடித்தால் வெள்ளை நாயின் ரோஜாத் தோல் வெந்துபோகும், சிலதுக்கு முடி திரும்ப ஒழுங்காக வளராமல் திட்டுத் திட்டாக நிற்கும். பற்கள் நீண்ட சீப்பால் உள்பஞ்சை வாரி எடுத்துவிட்டாலே காற்றுப் புகும். காதுக்குப் பின்னாலும் பின்தொடையிலும்தான் சிக்கு விழும், அங்கே பொறுமையாக வார வேண்டும். நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். அது 104-ஐத் தாண்டி, நாக்கு அடர்சிவப்பாகி, தள்ளாடினால் வயிற்றிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, ஃபேனுக்கு அடியில் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள். ஐஸ் வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் ஆயாவோடு பேசி ஜெயிக்க முடியாது. "கொழந்த பிஸ்கட்டு கேக்குது பாரு" என்று டீயில் நனைத்து நனைத்துக் கொடுக்கும். குளுக்கோஸ் பிஸ்கட் 100 கிராமில் ஏறக்குறைய 450 கலோரி இருக்கிறது. ஆறு கிலோ நாய்க்கு நாள் முழுவதற்குமே நானூறு சொச்சம்தான் தேவை. அப்புறம் சோறு எதற்கு இறங்கும்? "சாப்பிடவே மாட்டேங்குது" என்று டாக்டரிடம் புலம்புகிறவர்களின் நாய்களைப் பாருங்கள், திண்டு மாதிரிக் கொழுத்திருக்கும். சோறு போடுவதில் தப்பில்லை, வெறும் பால்சோறாக இருக்கக் கூடாது. வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் பரங்கிக்காய் சேர்க்கலாம். சாம்பார் சாதம் கூடாது. அதிலிருக்கும் வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே உண்ணி குடித்த மிச்சத்தில் வாழ்கிற நாய் அது. பிரியாணி எலும்பும் வேண்டாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

சின்ன நாய்க்கு வாய் சின்னது, பல்லின் எண்ணிக்கை பெரிய நாய்க்குள்ள அதே 42. நெருக்கியடித்து நிற்பதால் சீக்கிரம் காரை படியும். பால்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நிற்பதும் உண்டு. ஐந்தாறு வயதில் வாய் நாறுகிறது என்றால் ஈறு கெட்டுவிட்டது என்று அர்த்தம், வயசானதால் இல்லை. கழுத்து பெல்ட்டில் சங்கிலி மாட்டி இழுத்தால் சிலது வாத்து கத்துவது போல் இருமும். அது மூச்சுக்குழாய் தட்டையாவதால் வருவது. பாடி பெல்ட்டுக்கு மாறிவிடுங்கள், எடையையும் குறையுங்கள்.

பெண் நாய் வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்றாலே எங்கள் வீடுகளில் "பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்பார்கள். குட்டி போடுவதால் நாய்க்கு ஆரோக்கியம் கூடும் என்பது வெறும் நம்பிக்கை. ஆபரேஷன் செய்யாத பெண் நாய்க்கு, பருவம் முடிந்து சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கலாம். வயது கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். தண்ணீர் குடம் குடமாகக் குடிக்கும், அடிக்கடி மூத்திரம் போகும், சோறு இறங்காது. பின்னால் சீழ் வடிந்தாலாவது தெரியும். கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்ட வகையில் வெளியே ஒன்றும் வராது, வயிறு மட்டும் பெருக்கும். "சினையா இருக்கும்" என்று வீட்டில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அது சில நாளில் உயிரை எடுத்துவிடும். அப்போதும் கடைசியில் அதே ஆபரேஷன்தான், ஆனால் சீக்காளி உடம்பில். நல்ல உடம்பில் முன்பே செய்தால் பால்மடிக் கட்டி வரும் வாய்ப்பும் குறைகிறது. ஆண் நாயைத் தெருவில் அவிழ்த்துவிடுகிறவர்களுக்கும் ஒன்று: குறியிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால் அடிபட்டதாக நினைக்காதீர்கள். இணைசேர்வதில் பரவும் கட்டி ஒன்று நம் தெருநாய்களிடம் சகஜம். வாரம் ஒரு ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

இனி அந்த "ஒண்ணும் பண்ணாதுங்க" கதைக்கு வருகிறேன்.

ஒரு ராஜபாளையம் உறுமினால் நாலு தெரு ஜாக்கிரதையாகிவிடும். இதே வேலையை வெள்ளை நாய் செய்தால் சிரிப்பார்கள். "பாரேன், கோவத்த" என்று போன் எடுத்து வீடியோ பிடிப்பார்கள். குட்டி சோற்றுத் தட்டிடம் உறுமும், எல்லாரும் கைதட்டுவார்கள். பெரியவர் கட்டிலில் படுத்துக்கொண்டு பேரனை ஏறவிடாது, அதற்கும் கைதட்டல். இரண்டு வருஷம் இப்படி வளர்ந்த நாய் மூன்றாம் வருஷம் அந்தப் பேரனின் கன்னத்தைக் கடித்தால், "இவ்ளோ நாள் நல்லாத்தான இருந்துச்சு" என்று ஆச்சரியப்படுகிறார்கள். அது இத்தனை நாளும் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. உடம்பு விறைக்கும், கண் ஓரத்து வெள்ளை தெரியும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், அப்புறம் உறுமும். உறுமலுக்கு அடி வாங்கின நாய் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும்.

அதற்கு வேண்டியது சாதாரண நாய்ப் பாடம். குட்டியாக இருக்கும்போதே, மூன்று நாலு மாதத்துக்குள், குழந்தைகள், தலைப்பாகைக்காரர்கள், பால்காரர் வண்டி, மாடு, மிக்ஸி சத்தம் எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்துப் பழக வேண்டும். வீட்டுக்குள்ளேயே தூக்கி வைத்து வளர்த்தால் வெளி உலகம் முழுக்க அதற்கு எதிரிதான். ஆள் வந்தால் "உக்காரு" என்று சொல்லி, உட்கார்ந்த பிறகு ஒரு துண்டு கோழி. குரைக்கும்போது நாமும் சேர்ந்து கத்தினால் நாமும் குரைக்கிறோம் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். தினமும் காலையில் ஏரிக்கரை வரை கூட்டிப்போனால் பாதிக் குரைப்பு அங்கேயே கரைந்துவிடும். எங்கள் அண்ணி பின்கொல்லையில் கட்டிப்போட்டதைத்தான் நடை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆடியில் எங்கள் ஊர் புத்துவாயம்மன் கோயில் தேர் வரும்போது மேளமும் வாணவெடியுமாக ஊர் அதிரும், தீபாவளிக்குக் கேட்கவே வேண்டாம். சங்கிலியில் கட்டின நாய் அன்றைக்கு அறுத்துக்கொண்டு ஓடினால் புதுச்சேரி ரோட்டில்தான் போய் நிற்கும். சாயங்காலமே நடத்திக் கூட்டி வந்து, உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வையுங்கள். கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள், அங்கேயே இருக்கட்டும்.

கடித்தால் மறைப்பதுதான் இந்த நாய்கள் விஷயத்தில் பெரிய ஆபத்து. தெருநாய் கடித்தால் ஓடிப்போய் ஊசி போடுகிறவர்கள், வீட்டு வெள்ளை நாயின் பல் பட்டால் மஞ்சள் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வெறிநோய்க்கு ஜாதி கிடையாது. கேட்டுக்கு வெளியே ஒரு தெருநாயோடு உருண்டதே போதும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று ஊசி. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றியே தனியாக ஒரு ஊசியும் உண்டு. நாயைப் பத்து நாள் கவனிப்பது ஊசியோடு சேர்த்துச் செய்வது, ஊசிக்குப் பதிலாக இல்லை. நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷம் ஒன்று. செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டி இலவச முகாம் போடுவார்கள், கால்நடை மருந்தகத்தில் விசாரித்து வையுங்கள்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக. 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. ரோட்டோரத்தில் கூண்டில் இருப்பது பெரும்பாலும் அதற்கும் சின்னது. சீக்கிரம் விலை போகட்டும் என்று தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்திருப்பார்கள். பார்வோ வைரஸ் இந்த வயதுக் குட்டியைத்தான் பிடிக்கும். ரத்தக் கழிச்சலும் வாந்தியுமாக இரண்டே நாளில் முடிந்துவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். 'ஊசி போட்டாச்சு' என்று வாயால் சொன்னால் போதாது, அட்டையில் மருந்து பாட்டிலின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது எப்படிப் பழகுகிறது, மடி எப்படி இருக்கிறது, உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் பஸ் ஏறி வந்துவிடுங்கள்.